இலண்டனில் நல்லுணவு தேடியோர்

பிறநாட்டுப் பெருநகரொன்றிற் சென்று தங்குவோர்க்கு உறையுள் கிடைப்பது எளிது; உடை கிடைப்பது அதனினும் எளிது. உடலுக்கும் உள்ளத்துக்கும் ஒத்த உணவு கிடைப்பதே அரிது. கீழைத் தேயத்தவர் கடந்த இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இலண்டன் மாநகருக்குச் சென்று வந்துள்ளனர். படிக்கச் சென்றோரும், பணிசெய்யச் சென்றோரும், வணிகஞ் செய்யச் சென்றோரும் அவருள் அடங்குவர். அந்நகரிலே இந்திய உணவுச்சாலைகள் எவ்வாறு தோன்றின, அவை யாருக்காகத் தோன்றின, உடல்நலம் நாடிச் சென்றவர் அவற்றில் எதைக் கண்டனர் என்பவற்றை ஆராயுமிடத்து, வெறும் சாப்பாட்டுக் கதையென்று தள்ளிவிட முடியாத செய்திகள் பல வெளிப்படுகின்றன.

ஆங்கிலேயர் கறியைச் சுவைக்கத் தொடங்கியது உணவுச்சாலைகள் தோன்றுவதற்கு முன்னரேயாகும். ஹன்னா கிளாஸ் என்னும் மாது 1747ஆம் ஆண்டில் வெளியிட்ட சமையல் நூலிலே இந்திய முறைக் கறியொன்றுக்குச் செய்முறை கூறப்பட்டுள்ளது. 1773ஆம் ஆண்டளவில் ஹேமார்க்கற் பகுதியிலிருந்த நொறிஸ் வீதிக் கோப்பிக் கடையிலே கறி விற்கப்பட்டது. 1784இல் பிக்கடிலியிலிருந்த வாசனைப்பொருட் கடையொன்று கறித்தூளை விளம்பரஞ் செய்தபோது, அது சமிபாட்டைத் தூண்டும், இரத்தவோட்டத்தைச் சீராக்கும், மனத்துக்கு ஊக்கந் தரும் என்றெல்லாம் புகழ்ந்துரைத்தது. மிளகும் மஞ்சளும் சீரகமும் மருந்தாவன என்பதை நம்மூர்ப் பாட்டிமார் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். அதனை இலண்டன் வணிகர் காசாக்கக் கற்றுக்கொண்டனர். ஆக, இந்திய உணவையும் உடல்நலத்தையும் இணைத்துப் பேசும் வழக்கம் அந்நகரிலே மிகப் பழையது.

இந்தியர் ஒருவரே நடத்திய முதல் உணவுச்சாலை 1810ஆம் ஆண்டில் தோன்றியது. அதனை நிறுவியவர் சேக் தீன் மகமது என்பவர். 1759இல் பாட்னாவிற் பிறந்த இவர், சிறுவயதிலேயே கிழக்கிந்தியக் கம்பனியின் படையிற் சேர்ந்து, பின் 1784இல் அயர்லாந்து சென்று கோர்க் நகரில் வாழ்ந்தவர். 1794இல் இவர் வெளியிட்ட பயண நூலே இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூலென்பர். இலண்டன் வந்த பின்னர், போர்ட்மன் சதுக்கத்துக்கு அண்மையில் ஜோர்ஜ் வீதியிலே 'இந்துஸ்தான் கோப்பிக் கடை' என்னும் பெயரில் தமது சாலையைத் திறந்தார். அங்கே பிரம்பு இருக்கைகள் இருந்தன. குழாய்வழி புகை உறிஞ்சும் ஹூக்காவும் இருந்தது. கறிவகைகளோ இங்கிலாந்தில் எங்குமே கிடையாத தரத்தன என விளம்பரஞ் செய்யப்பட்டது. பெயர்தான் கோப்பிக் கடையே தவிர, கோப்பிக்காக அங்கே சென்றவர் மிகச் சிலராகவே இருந்திருப்பர்.

இச்சாலை யாருக்காகத் திறக்கப்பட்டது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. இந்தியாவிலே பதவி வகித்துப் பொருளீட்டித் திரும்பிய ஆங்கிலக் கனவான்கள் அப்பகுதியில் வாழ்ந்தனர். அவர்கள் விட்டுவந்த சுவையையும் சுகத்தையும் மீட்டுக் கொடுப்பதே மகமதுவின் நோக்கம். ஆயின் அக்கனவான்களின் வீடுகளிலே கறி சமைக்கத் தெரிந்த பணியாளர் இருந்தமையால் கடைக்குப் போதிய வருவாய் கிட்டவில்லை. 1812இல் மகமது கடன்காரராக அறிவிக்கப்பட்டார். பின்னர் அவர் பிறைற்றன் கடற்கரை நகருக்குச் சென்று, மூலிகை நீராவிக் குளியலும் உடல் பிடித்துவிடுதலும் நடத்தும் நிலையமொன்றை அமைத்துப் பெரும்புகழ் ஈட்டினார். மன்னர் நான்காம் ஜோர்ஜும் நான்காம் வில்லியமும் அவரைத் தம் பணியில் அமர்த்தினர். சோற்றினாற் பெறாத செல்வத்தை அவர் சுகத்தினாற் பெற்றார். 1851இல் அவர் மறைந்தார்; ஜோர்ஜ் வீதியிலே 2005ஆம் ஆண்டில் அவர் நினைவாகப் பலகையொன்று பதிக்கப்பட்டது.

தீன் மகமதுவின் கடை மூடப்பட்டு முக்கால் நூற்றாண்டு கழிந்த பின், 1888ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதை எட்டிக்கொண்டிருந்த குஜராத்தி மாணவர் ஒருவர் சட்டம் பயில இலண்டன் வந்து சேர்ந்தார். மோகனதாஸ் காந்தி என்னும் அவ்விளைஞர், மது, மாது, மாமிசம் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லையெனத் தாயாருக்குச் சமணத் துறவி ஒருவர் முன்னிலையில் வாக்களித்துவிட்டுக் கப்பலேறியவர். காலையில் ஓட்ஸ் கஞ்சி கிடைத்தது. அதுவே வயிறார உண்ட உணவு. நண்பகலிலும் இரவிலும் பசளிக்கீரையும் பாணும் பழப்பாகும் வைத்தனர். உப்பும் உறைப்பும் இன்றி அவித்த மரக்கறி வாயில் ஏறவில்லை. பாண் இன்னும் இரு துண்டு வேண்டுமெனக் கேட்க நாணம் தடுத்தது. ஊரிலிருந்து வரவழைத்த இனிப்புகளும் சரக்கு வகைகளும் சிலநாள் துணைசெய்தன. நண்பரோ, தாயாருக்குக் கொடுத்த வாக்கு இக்குளிர்நாட்டிலே செல்லாதென வாதாடினார்.

அக்காலத்திலேதான் அவர் நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் தூரம் நடந்து, மலிவான உணவுச்சாலைகளில் நுழைந்து, பாணால் வயிற்றை நிரப்பிக்கொண்டு மனநிறைவின்றித் திரும்பினார். ஒருநாள் பாரிங்டன் வீதியிலே மரக்கறி உணவுச்சாலையொன்று அவர் கண்ணிற் பட்டது. வாயிலருகே கண்ணாடிப் பேழையில் நூல்கள் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஹென்றி சால்ற் என்பார் மரக்கறி உணவை ஆதரித்து எழுதிய நூலை ஒரு சிலிங் கொடுத்து வாங்கிக்கொண்டு நேரே உண்ணும் மண்டபத்துக்குச் சென்றார். இங்கிலாந்தில் வந்திறங்கிய பின் அவர் மனநிறைவோடு உண்டது அன்றுதான். அதுவரை தாயாருக்காகக் காத்த விரதத்தை, அந்நூலைக் கற்ற பின் தாமே விரும்பி மேற்கொண்டார்.

இந்திய மாணவருக்கு உணவளித்த அச்சாலை இந்தியருடையதன்று, ஆங்கிலேயருடையது. இங்கிலாந்திலே மரக்கறி உணவாளர் சங்கம் 1847ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டுவிட்டது. புலால் மறுத்தலும், மது மறுத்தலும், சிக்கன வாழ்வும் அவ்வியக்கத்தாரிடையே ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. அவர்கள் நடத்திய சாலைகளிலே இருவகைப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் ஒவ்வோர் உணவுக்கும் தனித்தனி விலை; உண்டெழ ஒன்று முதல் இரண்டு சிலிங் வரை செல்லும். மற்றதில் ஆறு பென்ஸுக்கு மூவகை உணவும் ஒரு துண்டுப் பாணும் கிடைக்கும். சிக்கனத்தை மேற்கொண்ட காலத்திற் காந்தி இரண்டாவது பிரிவிலேயே உண்டார். காலையிலும் மாலையிலும் தமது அறையிலே ஓட்ஸ் கஞ்சியும் கொக்கோவும் தாமே காய்ச்சி, நாளொன்றுக்கு ஒரு சிலிங் மூன்று பென்ஸ் செலவில் வாழக் கற்றுக்கொண்டார். மரக்கறிச் சாலையெனப் பெயர் பலகை தொங்கினும் உள்ளே விழிப்பாயிருத்தல் வேண்டுமென்பதையும் அவர் கண்டார். புட்டிங் என்னும் இனிப்புகளிலும் கேக் வகைகளிலும் முட்டை கலந்திருந்தமையால், பலகாரந்தோறும் விசாரித்தறிந்தே உண்டார்.

ஹோபோர்ன் உணவுச்சாலை நிகழ்ச்சியை இங்கு சொல்லாமல் விடுவதற்கில்லை. நண்பர் ஒருவர் அவரை நாடகம் பார்க்க அழைத்துச் செல்லுமுன் அப்பெரிய சாலையில் விருந்துக்கு ஏற்பாடு செய்தார். முதலில் வந்த சூப் மரக்கறியாற் செய்ததா எனப் பரிசாரகரை அழைத்துக் கேட்க முற்பட்டார் காந்தி. நாகரிகம் அறியாதவரெனச் சினந்த நண்பர், வேறெங்கேனும் உண்டுவிட்டு வெளியிற் காத்திருக்குமாறு பணித்தார். அருகிலிருந்த மரக்கறிச் சாலையோ அவ்வேளை மூடிக்கிடந்தது. அன்றிரவு பட்டினியுடனேயே அவர் நாடகம் பார்த்தார். 1891இல் தாயகந் திரும்பும் வேளையில், புலால் பரிமாறும் அதே ஹோபோர்ன் உணவுச்சாலையின் முகாமையாளருடன் பேசி, முற்றிலும் மரக்கறியாலான பிரியாவிடை விருந்தொன்றை அவர் தம் நண்பர்க்கு அளித்தார். கூச்சத்தினாற் பேச்சுத்தான் சரியாக அமையவில்லை. விருந்து சிறப்பாக அமைந்தது.

காந்திக்குக் கிடைத்த வாய்ப்பு எல்லோர்க்கும் கிடைக்கவில்லை. 1914ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இலண்டன் வந்திறங்கிக் கேம்பிறிட்ஜ் சென்ற கணிதமேதை சீனிவாச இராமானுஜன் வாழ்வை நினைப்போர் இதனை உணர்வர். கும்பகோணத்து வைணவ ஆசாரத்தில் வளர்ந்த அவர் கல்லூரிப் பொதுச்சாலையில் உண்பதைத் தவிர்த்துத் தமது அறையிலே தாமே சமைத்தார். சென்னையிலிருந்து புளி முதலியன தபாலில் வந்தன. அவர் வந்த சில மாதங்களிலேயே உலகப் போர் மூண்டது. பாலும் பழமும் மரக்கறியும் அருகின. கணக்கில் மூழ்கியவர்க்கு அடுப்பு மூட்டும் நினைவு வேளைக்கு வருமா? உண்ணும் நேரமும் உறங்கும் நேரமும் நிலைகுலைந்தன. 1917இல் நோய்வாய்ப்பட்டு, மருத்துவ விடுதி பலவற்றில் மாறிமாறித் தங்கினார். மற்லொக் என்னும் இடத்து விடுதியில் அவரைச் சென்று கண்ட தமிழ் நண்பரொருவர், அங்கே அவருக்கேற்ற உணவு கிடையாமையைப் பேராசிரியர் ஹார்டிக்கு விரிவாக எழுதினார். ஹார்டி ஏறிவந்த வாடகைக் காரின் 1729 என்னும் எண்ணைப் பற்றிய புகழ்பெற்ற உரையாடலும் இலண்டனின் பற்னிப் பகுதியில் அவர் நோயுற்றுக் கிடந்த காலத்ததே. காசநோயென அக்கால மருத்துவர் கருதினர். ஈரலைப் பற்றிய அமீபா நோயாயிருக்கலாமென 1994இல் வெளியான ஆய்வொன்று கூறியது. நோயின் மூலம் எதுவாயினும், உண்ண ஏற்ற உணவின்றி அவ்வுடல் மெலிந்ததை மறுப்பார் இல்லை. 1920 ஏப்ரலிற் சென்னையில் முப்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார். ஒரு பிடி சோறும் ஒரு கிண்ணம் இரசமும் விலைக்குக் கிடைக்கும் கடையொன்று அன்று கேம்பிறிட்ஜில் இருந்திருப்பின் என்று எண்ணாத தமிழர் இருக்க முடியாது.

அதே 1920ஆம் ஆண்டிலே இலண்டனில் இந்திய மாணவர்க்கென விடுதியொன்று தோன்றியது. அதனை நிறுவியவர் 1876இற் சேலத்திற் பிறந்த கனகராயன் திருச்செல்வம் போல் என்னும் தமிழர். வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் சார்பில் எழுந்த அவ்விடுதி எச்சமயத்தார்க்கும் இடமளித்தது. 1953இல் பிற்சறோய் சதுக்கத்திலே அதற்குப் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. தங்குவோரேயன்றி வெளியாரும் சென்று சோறும் பருப்பும் மரக்கறியும் குறைந்த விலையில் உண்ணும் இடமாக அதன் உணவறை நெடுங்காலம் விளங்கியது. ஆடம்பரமற்ற வீட்டுச் சமையலைப் போன்றதே ஆங்குக் கிடைத்தது.

ஆடம்பரத்தை நாடியோர் வேறிடஞ் சென்றனர். 1926இல் எட்வேட் பாமர் என்பவர் றீஜன்ற் வீதியில் வீராசாமி உணவுச்சாலையைத் திறந்தார். இவர் கிழக்கிந்தியக் கம்பனியைச் சேர்ந்த தளபதி வில்லியம் பாமருக்கும் முகலாயக் குலமகள் ஒருத்திக்கும் பிறந்த வழியில் வந்தவர். 1924இல் வெம்பிளியில் நடைபெற்ற பேரரசுக் கண்காட்சியில் இந்திய உணவு பரிமாறிப் பெயர் பெற்றவர். கடைக்கு வாய்த்த பெயர் நம்மவர் செவிக்கு நன்கு பழகிய தென்னாட்டுப் பெயர். சூழலோ அரண்மனைச் சூழல். தீன் மகமதுவின் நோக்கமே இங்கும் தொடர்ந்ததெனலாம். தலைப்பாகை அணிந்த பணியாளரும், நெய் மிதக்கும் இறைச்சிக் கறியும், இந்தியாவில் ஆட்சி செலுத்தித் திரும்பியோரின் பழைய நினைவுகளுக்கு விருந்தாயின. படிக்கச் சென்ற மாணவனின் பைக்கும் வயிற்றுக்கும் அது ஏற்றதாயிருந்திராது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்திய உணவுச்சாலைகள் பெருகிய வரலாறு வேறுவகையானது. அதனைச் செய்தவர்கள் இன்று வங்காளதேசத்திலுள்ள சில்ஹெற் மாவட்டத்துக் கப்பற் தொழிலாளர். நீராவிக் கப்பல்களின் கொதிகலன்களில் நிலக்கரி அள்ளிப் போட்டவர்கள், கரையிறங்கி, இலண்டனிலே குண்டுவீச்சிற் சிதைந்து கிடந்த சிறு தேநீர்க் கடைகளை மலிவாக வாங்கித் திருத்தினர். பிற கடைகள் மூடிய பின்னும் நள்ளிரவு வரை திறந்து வைத்தனர். மதுச்சாலையிலிருந்து வெளிவரும் ஆங்கிலேயரே பெரும்பாலும் வாடிக்கையாளர். அவர்கள் வேண்டியது விரைவு, உறைப்பு, மலிவு. ஆகவே வெங்காயத்தைப் பெருமளவு எண்ணெயிட்டு வேகவைத்து அரைத்த பொதுக்குழம்பு ஒன்றைக் காலையிலேயே ஆக்கி வைத்து, கேட்டவர்க்குக் கேட்டபடி இறைச்சியும் தூளும் பாலாடையும் கூட்டிப் பத்து நிமிடத்தில் பத்துப் பெயரிற் கறியாகக் கொடுக்கும் முறை வளர்ந்தது. அவ்வுழைப்பாளரை இதற்காகக் குறைகூறுவது அறமன்று. தாம் உண்ட மீனும் கீரையும் சோறும் வேறு, தாம் விற்ற உணவு வேறு என்பதை அவர்கள் அறிந்தேயிருந்தனர். 2001ஆம் ஆண்டில் பிரித்தானிய வெளிநாட்டமைச்சர் றொபின் குக், கோழி டிக்கா மசாலாவை நாட்டின் உண்மையான தேசிய உணவெனக் குறிப்பிடுமளவுக்கு அச்சமையல் வேரூன்றியது. ஆனால் 2004இல், இலண்டனை அடுத்த சறே மாவட்ட அதிகாரிகள் 102 கடைகளில் அவ்வுணவை வாங்கிச் சோதித்தபோது, அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவற்றிலே சட்டம் அனுமதித்த அளவினும் கூடிய செயற்கை நிறம் கலந்திருக்கக் காணப்பட்டது. செந்நிறமே சுவையென மயங்கியோர்க்கு அது கசப்பான செய்திதான்.

நலந்தேடியோர் கண்ட வழிகள் வேறு. 1951இல் 'இந்தியா கிளப்' என்னும் கழகம் தொடங்கப்பட்டது. பிரித்தானியாவுக்கான இந்தியாவின் முதல் உயர் ஸ்தானிகர் கிருஷ்ண மேனனின் பெயர் அதனோடு இணைத்துப் பேசப்படும். ஸ்ராண்ட் வீதியில் மாடிப்படியேறிச் சென்றால் தோசையும் சாம்பாரும் வடையும் கிடைத்த அவ்விடம், பத்திரிகையாளர்க்கும் மாணவர்க்கும் எழுபதாண்டு காலம் புகலிடமாயிருந்து 2023 செப்டெம்பரில் மூடப்பட்டது. யூஸ்ரன் புகையிரத நிலையத்துக்கு மேற்கேயுள்ள டிறமண்ட் வீதி மற்றொன்று. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் இனிப்புக் கடைகளும் பலசரக்குக் கடைகளும் அங்கே தோன்றின. 1970களின் தொடக்கத்திலே 'திவானா பேல்பூரி' என்னும் மரக்கறிச் சாலை திறக்கப்பட்டது. பொரி, வெங்காயம், உருளைக்கிழங்கு, புளிச்சாறு ஆகியன கலந்த பம்பாய்க் கடற்கரைச் சிற்றுண்டியும் தென்னாட்டுத் தோசையும் மரப்பலகை இருக்கைகளில் அமர்ந்து உண்ணக் கிடைத்தன. புகையிரதத்துக்குக் காத்திருந்தோரும் அயலிலுள்ள பல்கலைக்கழக மாணவரும் வரிசையாக வந்தனர். 1972இல் உகண்டாவிலிருந்து ஆசியர் துரத்தப்பட்டபோது பிரித்தானியா சென்ற குஜராத்தியர் வெம்பிளியில் மரக்கறிச் சாலைகளைப் பெருக்கினர். 1973இல் ரூட்டிங் பகுதியில் 'ஸ்ரீ கிருஷ்ணா' என்னும் கேரள உணவுச்சாலையும், 1994இல் ஸ்ரோக் நியூவிங்ரனில் 'ரசா' என்னும் கேரள மரக்கறிச் சாலையும் திறக்கப்பட்டன. 1983க்குப் பின் இலங்கைத் தமிழர் பெருந்தொகையினராகச் சென்று குடியேறிய ஈஸ்ற் ஹாம், ரூட்டிங், வெம்பிளி, ஹரோ ஆகிய பகுதிகளிலே இடியப்பமும் பிட்டும் சொதியும் கடைப்பண்டங்களாயின. கொத்து றொட்டியும் உடன்சென்றது. அதனை நலவுணவுப் பட்டியலிற் சேர்க்க எவரும் துணியார்.

மரக்கறியென்றாலே நலமென்று கருதுவதும் பொருந்தாது. மேற்கிலண்டனின் சவுத்தோல் பகுதியிலே நடத்தப்பெற்று 1991இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, 40 முதல் 69 வயது வரையுள்ள தெற்காசிய ஆண்களில் நூற்றுக்கு 19 பேர்க்கு நீரிழிவு இருந்ததையும், ஐரோப்பியரில் நூற்றுக்கு 4 பேர்க்கே அது இருந்ததையும் காட்டியது. சீக்கியர், இந்துக்கள், முஸ்லிம்கள் என உணவுவழக்கம் வேறுபட்ட பிரிவினரிடையேயும் இம்மிகுதி காணப்பட்டது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பை ஆய்வாளர் சுட்டிக்காட்டினர். பொரித்த சமோசாவும் நெய்யில் ஊறிய இனிப்பும் மரக்கறிதான் என்பதை இங்கு நினைத்தல் தகும். வெயில் குறைந்த நாட்டிலே வைட்டமின் டீ குறைவினால் ஆசியக் குழந்தைகளுக்கு எலும்பு மெலிவு நோய் உண்டாவது கண்டு, 1981இல் அந்நோயைத் தடுக்க நாடளாவிய இயக்கமொன்றும் தொடங்கப்பட்டது. ஊரிலே முற்றத்து வெயில் இலவசமாக அளித்ததைக் கடையிலே எவ்வளவு கொடுத்தும் வாங்க முடியவில்லை.

ஆகவே இலண்டனிலே நல்ல இந்திய உணவுச்சாலையைத் தெரிவோர் பெயர்ப்பலகையைக் காட்டிலும் அடுக்களையைக் கருதுதல் வேண்டும். ஆவியில் அவித்த இட்டலியும் இடியப்பமும், அன்றன்று தாளித்த பருப்பும், கீரையும், தயிரும் கிடைக்கும் இடம் எளிய கடையாயினும் சிறந்தது. அப்பகுதியிலே வாழும் நம்மவர் குடும்பமாக வந்து நண்பகலுணவு கொள்ளும் கடையில், சோறு சுடச்சுட இருக்கும். எண்ணெயும் அளவாக இருக்கும். எல்லாக் கறியும் ஒரே நிறத்தில் ஒரே மணத்தில் வருமாயின் பொதுக்குழம்பின் வேலையென அறியலாம். கறியின் மேல் எண்ணெய் தனியே பிரிந்து நிற்பின் அதனைக் கரண்டியால் ஒதுக்குவதில் நாணம் வேண்டியதில்லை. உப்பையும் நெய்யையும் குறைக்குமாறு கேட்டால் அவ்வப்போது சமைக்கும் கடைக்காரர் இசைவர். முன்னரே சமைத்து வைத்தவர்க்கு இசைய இயலாது. அவ்விடையே ஒரு சோதனையாகும்.

அரசாங்கச் சட்டமும் இதில் ஓரளவே உதவுகின்றது. 2022 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலே உணவுப் பட்டியலிற் கலோரி அளவைக் குறித்தல் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் 250 பேர்க்குக் குறையாத ஊழியரைக் கொண்ட நிறுவனங்களுக்கே அது பொருந்தும். கணவன் கல்லாவிலும் மனைவி அடுப்படியிலும் நின்று நடத்தும் தோசைக் கடைகளை அது தீண்டவில்லை. 2010இல் தொடங்கிய சுகாதாரத் தரப்படுத்தலின்படி கடைவாயிலில் ஒட்டப்படும் பச்சை நிறச் சீட்டிலே பூச்சியம் முதல் ஐந்து வரை எண் காணப்படும். அது அடுக்களையின் துப்புரவைச் சொல்லும். சட்டியிலிட்ட எண்ணெயின் அளவைச் சொல்லாது.